பட்டர்வொர்த்துக்குப் போன குடும்பப் படம்

மதுரைக்கு வந்த முதல் வாரமே வைகையைப் பார்த்துவிட வேண்டும் என்று கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செல்லூரிலிருந்து நடந்தே கிளம்பினேன். பாலத்துக்குக் கீழே சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன, எருமைகள் படுத்திருந்தன, ஒருவர் மாட்டுவண்டியில் மணல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம், "ஆறு எந்தப் பக்கம் இருக்குங்க?" என்று கேட்டேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்குள்ளதானப்பா நிக்கிற" என்றார்.

அன்றிலிருந்து மூன்று வருஷம் அந்த ஊர் என்னை அதிர வைத்துக்கொண்டேதான் இருந்தது. எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில், சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காததால், "தமிழ்நாட்டுக்குப் போய் ஒரு டிகிரி வாங்கிட்டு வா" என்று அப்பா கப்பலேற்றிவிட்டார். வெளிநாட்டுக்குப் போகிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. தமிழ் பேசுகிற ஊர், சாமியெல்லாம் நம் சாமி, இதில் என்ன வெளிநாடு என்று தெனாவெட்டாக வந்து இறங்கினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. பாஷை தெரியாத ஊருக்குப் போகிறவன் எதற்கும் தயாராகப் போவான். நான் எதற்குமே தயாராக வரவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத மனிதர், பெரியார் நிலையம் வருவதற்குள் என் சொந்த ஊர், அப்பா சம்பளம், கூடப் பிறந்தவர்கள் எத்தனை, அக்காவுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது வரை கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் "நீங்க என்ன ஆளுக?" என்றார். அந்தக் கேள்வி எனக்குப் புரியவே இல்லை. மலேசியாக்காரன் என்றேன். "அது சரி, அதுக்கு முந்தி?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன். அது என் நிறுத்தம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

செல்லூரில் என் அறைக்குக் கீழே விசைத்தறிக் கூடம். தறி ஓடினால் செம்பில் இருக்கிற தண்ணீர் நடுங்கும். முதல் மாதம் தூக்கமே இல்லை. இரண்டாவது மாதத்திலிருந்து கரண்டு போய்த் தறி நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்பு வந்தது. மெஸ்ஸில் "போதும்" என்றால் இன்னொரு கரண்டி விழும். "வேண்டாம்" என்றால், "ஏன், நல்லா இல்லையா?" என்று சண்டைக்கு வருவார்கள். அழகர்கோயிலில் ஒரு குரங்கு என் கறுப்புக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்து அதைப் போட்டும் பார்த்தது. கீழே நின்ற நான்கு பேர், அதற்குத்தான் பொருத்தமாக இருக்கிறது என்று என் காதுபடவே சொன்னார்கள்.

இத்தனைக்கும் நடுவில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல காரியம், வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன். சமயநல்லூர் தாண்டி உள்ளே இருந்த ஒரு கிராமத்துக்காரன், விவசாயக் குடும்பம். அவனுடைய அண்ணன் பட்டர்வொர்த்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார். பட்டர்வொர்த் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரம். இது தெரிந்த அன்றைக்கே என்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையானால் எனக்கு அங்கேதான் சாப்பாடு.

அவனுடைய அம்மாவுக்கு நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும். நான் சாப்பிடச் சாப்பிட, எதிரே நின்றுகொண்டு கேள்வியாகக் கேட்பார். அங்கே மழை பெய்யுமா, மகனுக்குக் குளிக்க வெந்நீர் கிடைக்குமா, அந்தச் சீனர்கள் சண்டைக்கு வருவார்களா, அரிசி நம் அரிசி மாதிரி இருக்குமா. நான் அவர் மகனைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் "நல்லா இருக்காரும்மா" என்று ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட்டு வருவேன். "நீங்க சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கையா இருக்குய்யா" என்பார்.

அவரைப் படம் எடுக்க எவ்வளவோ முயன்றேன். மூத்தவர் ஒவ்வொரு கடிதத்திலும் "ஆத்தா போட்டோ ஒண்ணு அனுப்புங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் கேமராவைத் தூக்கினால் போதும், இந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிடுவார். படம் எடுத்தால் ஆயுசு குறைந்துவிடுமாம். "அவன் வந்து என்னைய நேர்ல பாக்கட்டும். ரெண்டு வருசந்தான இருக்கு" என்பார். என்னிடம் இருந்ததெல்லாம் அவருடைய முதுகுப் படங்கள் மட்டும்தான்.

தை மாதம் ஒருநாள் காலையில் என் அறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். நண்பனின் தாய்மாமன், ஏற்கெனவே அந்த வீட்டில் பார்த்திருக்கிறேன். நண்பன் ஒரு வாரமாகக் கல்லூரிக்கு வரவில்லை. அறுவடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, மாப்ள உங்களைக் கேமராவோட கூட்டியாரச் சொன்னாப்ல."

"என்ன விசேஷம்ணே?"

அவர் தெருவைப் பார்த்தார். "வாங்க. அங்க வந்து பாத்துக்கிருவோம்."

"பிலிம் கறுப்பு வெள்ளைதான் இருக்கு."

"எதுவா இருந்தா என்ன. இன்னைக்கு முகூர்த்த நாளு, சமயநல்லூர்ல இருந்து டவுன் வரைக்கும் ஒரு ஸ்டுடியோக்காரன் இல்ல. எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாய்ங்க."

முகூர்த்த நாள், கேமரா, வீடு வந்து கூப்பிடுகிற தாய்மாமன். நண்பனின் தங்கைக்குத்தான் நிச்சயம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அம்மா கொடுத்தனுப்பிய பாத்தேக் சட்டையை எடுத்து மாட்டினேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய பெரிய பூப்போட்ட சட்டை. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, பவுடரும் போட்டுக்கொண்டேன். தாய்மாமன் என் சட்டையை ஒருதரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார், அப்போதும் சொல்லவில்லை. செத்த செய்தியை வாயால் சொல்லிக் கூட்டிவருவது அந்தப் பக்கத்தில் வழக்கம் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் கூடப் பிறந்த அக்காதான் போயிருந்தார் என்பதும் தெரியாது.

தெருமுனையில் திரும்பியதும் கொட்டுச் சத்தம் கேட்டது. பந்தல் தெரிந்தது, பெஞ்சுகளில் ஆட்கள் தெரிந்தார்கள். எனக்கு உற்சாகம் பிறந்து கேமரா உறையைக் கழற்றினேன். பந்தலுக்குள் நுழைந்த பிறகுதான் ஒப்பாரி காதில் விழுந்தது. பெண்கள் வட்டமாக ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். பெஞ்சில் இருந்த ஆண்கள் எல்லோரும் என் சட்டையைப் பார்த்தார்கள். நண்பன் எழுந்து வந்து என் கையைப் பிடித்தான். "ஆத்தா போயிருச்சுடா" என்றான். மஞ்சள்காமாலை, பெரியாஸ்பத்திரி, ஆறே நாள். நான் பவுடர் போட்டிருந்தேன்.

சுவரோரம் பார்த்தேன். கை வைத்த ஒரு மர நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்.

படுத்திருக்கவில்லை. உட்கார்ந்திருந்தார். பட்டுச் சேலை, முகத்தில் மஞ்சள், நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்து நிறைய மாலை. புருஷன் இருக்கும்போதே போய்விட்டதால் கல்யாணப் பெண்ணைப் போலவே அலங்காரம் செய்திருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியால் நாடிக்கட்டு. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. எங்கள் தோட்டத்திலும் சாவு பார்த்திருக்கிறேன். பெட்டியில் படுக்க வைப்பார்கள், மூடுவார்கள், எடுப்பார்கள். செத்தவரை நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், பொய் சொல்கிறான் என்று சிரித்திருப்பேன். அந்தப் பக்கத்தில் அது சாதாரண வழக்கமாம். கடைசியாக ஒரு படம். அநேகம் பேருக்கு அது முதல் படமும்கூட.

நண்பனின் அப்பா என்னிடம் வந்தார். ஐயா என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அதிகம் பேசாத மனிதர். "தம்பி, படம் நல்லா விழுகணும்" என்றார். பிறகு திரும்பி, "மாலையைக் கழட்டுங்க" என்றார்.

மாலையைக் கழற்றினார்கள். நெற்றியில் ஒட்டியிருந்த காசை எடுத்தார்கள். நாடிக்கட்டை அவிழ்த்ததும் வாய் லேசாகத் திறந்தது, ஒரு பெண் மோவாயை அழுத்திப் பிடித்துச் சரி செய்தார். கால் கட்டு தெரியாமல் சேலையை இழுத்து விட்டார்கள். பின்னால் ஒரு போர்வையைத் திரை போலப் பிடிக்கச் சொன்னார் ஐயா. தாய்மாமன் அந்தப் போர்வைக்குப் பின்னால் குனிந்து, அதில் இருந்த கிழிசல் வழியாகக் கையை விட்டு, அக்காவின் கொண்டையைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினார். தலை நிமிர்ந்து நின்றது.

"கொட்டை நிப்பாட்டுங்கப்பா" என்றார் ஐயா. கொட்டு நின்றது. "யாரும் அழுகக் கூடாது. மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க."

இதை நான் இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அதுவரை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத பெண்கள் எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினார்கள். நண்பனின் தங்கை, நான் நிச்சயதார்த்தம் செய்துவைத்த அதே தங்கை, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். நண்பன் வேறு சட்டை போட்டுக்கொண்டான். ஐயா துண்டைத் தோளில் மடித்துப் போட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். மறுபக்கம் மகனும் மகளும். வண்டியூர் தெப்பத்துக்குப் போன இடத்தில் எடுத்துக்கொண்ட படம் மாதிரி எல்லோரும் நேராக நின்று என்னைப் பார்த்தார்கள்.

நான் கேமராவில் கண்ணை வைத்தேன். எத்தனை பேரை எடுத்திருப்பேன். பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது, "கொஞ்சம் சிரிங்க" என்று.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் ஐயா சிரித்தார். உண்மையிலேயே, பல் தெரியச் சிரித்தார். பக்கத்தில் நின்ற மகனைத் திரும்பிப் பார்த்து, "தம்பி சொல்றாருல்ல, சிரிங்க" என்றார். அவர்களும் சிரித்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றுக்கு நான்காக எடுத்தேன். கேமராவை இறக்கியதும் ஐயா தலையசைத்தார். மாலை திரும்பக் கழுத்தில் ஏறியது, கொட்டு அடித்தது, கழுவிய முகங்களோடு பெண்கள் விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினார்கள். நான் பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

சாயங்காலம் எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு வந்த பிறகுதான் நண்பன் விஷயத்தைச் சொன்னான். பட்டர்வொர்த்தில் இருக்கிற மூத்தவருக்கு யாரும் தந்தி கொடுக்கவில்லை. கொடுக்கப்போவதும் இல்லை. இந்தப் படத்தில் கண்ணைத் திறந்த மாதிரி செய்து, ஆத்தா நன்றாக இருப்பதாக அவருக்கு அனுப்பப் போகிறார்கள்.

எனக்கு வந்ததே கோபம். "பெத்த அம்மா செத்ததைச் சொல்லாம மறைப்பீங்களா? நீங்கள்லாம் மனுசங்கதானா?" என்று சத்தம் போட்டேன். துக்க வீட்டில் அந்தச் சட்டையோடு நின்றுகொண்டு கத்தினேன்.

ஐயா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "கோவப்படாதீக தம்பி. அவன் ஆத்தா புள்ள. தெரிஞ்சா அடுத்த கப்பல்ல ஏறிருவான். வந்தா பர்மிட்டு போச்சு, திரும்ப அந்த மண்ணை மிதிக்க முடியாது. வந்து எதைப் பாக்கப் போறான்? நாளைக்குச் சாம்பலைக் கரைச்சிருவோம்." குரலைத் தாழ்த்தினார். "நானாச் செய்யலை. ஆஸ்பத்திரியில அவதான் சொன்னா. பெரியவனுக்குச் சொல்லிப்புடாதீங்க, ரெண்டு வருசத்தை முடிச்சிட்டு வரட்டும்னு. அதுக்குத்தான் போட்டோவே எடுக்கச் சொன்னா. உசுரோட இருக்கையில எடுக்க மாட்டேன்னவ, அதுக்கப்புறம் எடுத்துக்கங்கன்னுட்டா."

செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் உட்கார்ந்து இப்படி ஒரு ஏற்பாடு செய்வாளா? என் அம்மாவாக இருந்தால் என்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்பார், ஊரைக் கூட்டிக் கேட்பார். அதுதான் பாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ஸ்டுடியோவில் படத்தைக் கழுவக் கொடுத்தோம். நான்கில் ஒன்று அசையாமல் விழுந்திருந்தது. டச்சிங் செய்கிறவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணு எழுதிறலாம். யாரு கண்ணு மாதிரி எழுத?" என்று கேட்டார், சட்டைக்குக் காலர் வைப்பதைப் பற்றிக் கேட்பது போல. நான் விழித்தேன். நண்பன், "என் கண்ணு ஆத்தா கண்ணுதான்" என்றான். அவனை ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார வைத்தார். அவன் கண்ணைப் பார்ப்பார், மயிரிழைத் தூரிகையால் ஒரு கோடு இழுப்பார், மறுபடி பார்ப்பார். நடுவில் அவனுக்குக் கண் கலங்கியது. "அழுகாதீங்க தம்பி, ரெப்பை வீங்குனா அளவு மாறிரும்" என்றார். அவனும் அடக்கிக்கொண்டான். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் படத்தில் அந்த அம்மா கண் திறந்து என்னைப் பார்த்தார். மகனுக்குக் குளிக்க வெந்நீர் கிடைக்கிறதா என்று கேட்கிற அதே பார்வை. நான் வெளியே போய் டீக்கடையில் நின்றுகொண்டேன்.

தபாலில் அனுப்பினால் கசங்கும், யாராவது வழியில் பிரிப்பார்கள் என்று ஐயாவுக்குப் பயம். கோடை விடுமுறைக்கு நான் ஊர் போகும்போது கையோடு கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டார். வாய் திறந்து பொய் சொல்ல மாட்டேன் என்றேன். "நீங்க ஒண்ணுமே சொல்ல வேணாம். படத்தைக் குடுங்க, அது சொல்லிக்கிரும்" என்றார். கப்பலில் அந்தப் படம் என் பெட்டியில் துணிகளுக்கு நடுவே இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் ஊறுகாய் ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் எண்ணெய் பட்டுவிடுமோ என்று எடுத்து எடுத்துப் பார்ப்பேன். யார் அது என்று கேட்டவரிடம், கூடப் படிக்கிறவன் குடும்பம் என்றேன். "லட்சுமிகரமான முகம்" என்றார் அவர். படத்தை மறுபடி துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

பினாங்கில் இறங்கிப் படகில் பத்து நிமிஷத்தில் பட்டர்வொர்த். ஆனால் நேரே போகத் தைரியம் இல்லாமல் வீட்டுக்குப் போய், ஒரு வாரம் அம்மா சமையலைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்தது கடை. நல்ல கூட்டம். இடுப்பில் கைலியும் தோளில் துண்டுமாக ஒருவர் இலைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார். கேட்காமலேயே தெரிந்தது. அதே கண்.

மதுரையிலிருந்து வருகிறேன் என்றதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முதலில் சாப்பிட வைத்தார். போதும் என்றேன், இன்னொரு கரண்டி விழுந்தது. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, நான் கொடுத்த படத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தார்.

வெகுநேரம் பார்த்தார். "ஐயா நரைச்சிட்டாரு" என்றார். "தங்கச்சி வளந்துருச்சு. இவன் மீசை வச்சிருக்கானா?" பிறகு, "ஆத்தா மெலிஞ்சுபோச்சு" என்றார். எழுந்து போய்க் கல்லாவில் இருந்தவரிடம் காட்டினார். தோசைக்கல்லின் முன்னால் நின்றவரிடம் காட்டினார். பாத்திரம் கழுவுகிறவர் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார். "எங்காத்தா" என்று எல்லோரிடமும் சொன்னார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் பொய் சொல்லவில்லை, ஐயா சொன்னது போலப் படமே சொல்லிக்கொண்டது. நம்பிவிட்டார். ஒருபக்கம் அப்பாடா என்றிருந்தது, இன்னொரு பக்கம் அந்தக் குடும்பத்தின் மேல் மறுபடியும் கோபம் பொங்கியது.

பஸ் ஏற்றிவிட என்னோடு வந்தார். படத்தைக் கையிலேயே வைத்திருந்தார். வழியெல்லாம் மழை, விலைவாசி, என் படிப்பு என்று பேசினார். பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும், சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்னைக்குத் தம்பி?"

"எதுண்ணே?"

"எங்காத்தா செத்தது."

ஒரு லாரி போனது, இன்னொன்று போனது. "தையில" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். நான் உளறினேன். "கண்ணு எழுதினது தெரிஞ்சிருச்சாண்ணே?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கான்." படத்தை என் பக்கம் திருப்பினார். "எங்காத்தா எங்கய்யா முன்னாடி ஒருநாளும் நாற்காலியில உக்காந்தது இல்ல தம்பி. இதுல அது உக்காந்திருக்கு. ஐயா நிக்கிறாரு."

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். எடுத்தவன் நான். அத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்த அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. மாலையைக் கழற்றியவர்களுக்கும் காசை எடுத்தவர்களுக்கும் அது தோன்றவில்லை. ஐயாவுக்கே தோன்றவில்லை.

"சொல்ல வேணாம்னு ஆத்தாதான் சொன்னாங்களாம்" என்றேன்.

"சொல்லியிருக்கும்" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "ஆனா நான் நம்பிட்டேன்னு வீட்டுல சொல்லிருங்க தம்பி. இம்புட்டுப் பாடுபட்டு அனுப்பியிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா ஐயா தாங்க மாட்டாரு. நானும் காயிதத்துல ஆத்தா சௌக்கியமான்னு கேட்டுக்கிருவேன்."

பஸ் வந்தது. நான் ஏறி உட்கார்ந்தபோது அவர் அந்த இடத்திலேயே படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் காட்டிய படம், இனிமேல் யாருக்கும் காட்டமாட்டார் என்று தோன்றியது.

கல்லூரி திறந்ததும் சமயநல்லூர் பஸ்ஸைப் பிடித்தேன். வழி முழுக்க, பொய் சொல்ல மாட்டேன் என்று வீறாப்புப் பேசியதை நினைத்துக்கொண்டே போனேன். ஐயா வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறி வந்தார். ஊர் எப்படி, அப்பா அம்மா சௌக்கியமா, எதுவும் கேட்கவில்லை.

"நம்பிட்டானா?"

"நம்பிட்டாருய்யா. கடையில எல்லாருக்கும் காட்டினாரு. ஆத்தா மெலிஞ்சுபோச்சுன்னு சொன்னாரு."

அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். செத்த அன்றைக்குப் பந்தலில் எல்லோரையும் சிரிக்கச் சொன்ன மனிதர். நான் பக்கத்தில் நின்றேன். மடை திறந்தபடியே கிடந்தது, தண்ணீர் அடுத்த பாத்திக்கு வழிந்துகொண்டிருந்தது.

"நல்லது தம்பி" என்றார் கடைசியில். "எங்களுக்குத்தான் இல்லாமப் போயிட்டா. அவனுக்காச்சும் அவ உசுரோட இருக்கட்டும்."